‘மகி’ வந்தது, ‘மை’ வரவில்லை

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

சபையாருக்கு அறிவிப்பு. இரட்சணியபுரம் சபையைச் சேர்ந்த மின்வாரிய லைன்மேன் தேவநேசன் அவர்களின் ஏக குமாரன் தீத்து, வயது பதினாறு, இன்று காலை முதல் ஆம்லெட்டைத் துறந்திருக்கிறான். இது முதலாம் ஓலை. இந்தப் பிரிவுக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே எழுந்து சொல்லலாம். இல்லாவிட்டால் என்றென்றைக்கும் பேசாமல் தங்கள் ஆம்லெட்டைத் தின்றுகொண்டிருக்கலாம்.

யாரும் எழவில்லை. என் தங்கை பெர்சி மட்டும் என் பங்கு முட்டைக்குக் கை நீட்டினாள். கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்துத் தடை கேட்கும்போதுகூட இவ்வளவு சீக்கிரம் சொத்துக்கு ஆள் வருவதில்லை.

ஈஸ்டர் வரையிலான நாற்பது நாள் லெந்து நோன்பு முடியும்வரை நாட்குறிப்பு எழுத வேண்டும் என்று, எங்களை முதல் நற்கருணைக்குத் தயாராக்கும் திடப்படுத்தல் வகுப்பில் ஐயர் உத்தரவு போட்டிருக்கிறார். (எங்கள் பக்கம் பாஸ்டரை ஐயர் என்றும் சர்ச்சைக் கோயில் என்றும்தான் சொல்வோம். பூணூலைத் தேடாதீர்கள்.) ‘இன்று தேவனை எப்படி மகிமைப்படுத்தினேன்’ என்று தினமும் கேட்டுப் பதில் எழுத வேண்டுமாம். யாரிடமும் காட்ட வேண்டாமாம், ஆண்டவர் மட்டும் வாசிப்பாராம். என் கையெழுத்து அவருக்காவது புரியும் என்ற விசுவாசத்தில் எழுதுகிறேன்.

இனி உண்மையான செய்தி. ஆம்லெட்டை விட்டாலும் விடுவேன், அருமைநாயகத்தை விடமாட்டேன்.

அருமைநாயகம் மாமா பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ‘அருமை சவுண்ட் சர்வீஸ்’ வைத்திருப்பவர். கோயில் மைக்கும் ஸ்பீக்கரும் அவர் கையில். போன ஞாயிறு வாலிபர் ஆராதனை. ‘தேவ மகிமைக்காக ஒரு சிறப்புப் பாடல், பாடுபவர் தம்பி தீத்து’ என்று அறிவித்தார்கள். பக்கத்துச் சபையிலிருந்து வாலிபப் பெண்கள் இரண்டு பெஞ்சு நிறைய வந்திருந்தார்கள். அவர்களுக்காகப் பாடினேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. தேவ மகிமைக்காகத்தான் பாடினேன், முகம் அந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

பாட்டின் உச்சத்தில் ‘மகிமை’ என்று ஒரு வார்த்தை. அதைக் கூரைக்கு ஏற்ற வேண்டும். தேவதூதன்போல ஏறிக்கொண்டிருந்தேன். ‘மகி’ வரை வந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து மைக் ஊளையிட்டது. படுத்திருக்கும் நாயின் வாலை மிதித்தால் வருமே, அந்த ஊளை. உடனே அருமைநாயகம் மாமா வால்யூமைத் திருகி அமர்த்தினார். எழுந்து, “மைக்கு மக்கர் பண்ணுது, சபை மன்னிக்கணும்” என்று கும்பிட்டார். மைக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டே போய்விட்டார். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். ‘மகி’ வந்தது, ‘மை’ வரவில்லை. மகிமையின் மையை மைக் விழுங்கிவிட்டது.

வேறு மைக் கொடுத்திருக்கலாம். பெட்டியில் இரண்டு இருந்தன, நானே பார்த்தேன். கொடுக்கவில்லை. இதற்குப் பேர் சதி.

அப்பா வேதத்தில் தேடி எனக்குத் தீத்து என்று பேர் வைத்தார். எங்கள் ஊரில் கணக்கைத் தீர்ப்பதையும் ‘தீத்து’ என்றுதான் சொல்வார்கள். பேருக்கேற்ற பிள்ளையாக நடந்துகொள்ளப் போகிறேன்.

இன்று தேவனை மகிமைப்படுத்திய விதம்: ஆம்லெட் தொடவில்லை.

பிப்ரவரி 15

ஆம்லெட் தொடவில்லை. பழி யோசித்தேன்.

பிப்ரவரி 17, சனி

முதல் அடி விழுந்தது.

மத்தியானம் ஊர் சாப்பிட்டுப் படுத்திருக்கும் நேரம், அப்பாவின் ஏணியையும் கறுப்புப் பெயிண்டையும் எடுத்துப் போய் அவர் கடைப் பலகையில் ஒரே ஓர் எழுத்தைத் திருத்தினேன். அருமைநாயகத்தின் ‘ரு’வுக்கு ஒரு சுழி கூட்டினேன். இப்போது அது ‘அறுமை சவுண்ட் சர்வீஸ்’. அறுப்பதுதானே அவர் தொழில்.

சாயங்காலம் எதிர்க் கடையில் சர்பத் குடித்தபடி வேடிக்கை பார்த்தேன். முதலில் யாரும் கவனிக்கவில்லை. இந்த ஊரின் தமிழ் அவ்வளவுதான். கடைசியில் பாடகர் குழுவை நடத்தும் ஹெலன் அத்தை நின்று வாசித்தார்.

“பேரை மாத்திட்டியளா அண்ணாச்சி? கிறிஸ்தவக் கடையில எப்பத்துல இருந்து எழுத்து ராசி பாக்குதிய?”

மாமா வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சர்பத் கடைப் பக்கம் திரும்பாமலே, “பெயிண்டரு சின்னப் பையன், கை நடுங்கியிருக்கும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கை நடுங்கியதாம். அந்தச் சுழியை எவ்வளவு சுத்தமாகப் போட்டிருந்தேன் தெரியுமா? அவமானப்படுத்தப் போன இடத்தில் என் வேலையைக் குறை சொல்லி அனுப்புகிறார். கணக்கில் இதுவும் சேர்கிறது.

பிப்ரவரி 18, ஞாயிறு

இன்று பிரசங்கம் கேட்டேன். தூங்காமல் கேட்டேன் என்பதால் தனியாகக் குறிக்கிறேன்.

சத்துருவுக்குப் பசித்தால் சோறு கொடு, அப்படிக் கொடுத்தால் அவன் தலைமேல் எரிகிற தழலைக் குவிப்பாய் என்று ஒரு வசனத்தை எடுத்து ஐயர் பேசினார். நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு காலம் இதை ஏன் ஒளித்து வைத்திருந்தார்கள்? ஏணி வேண்டாம், பெயிண்ட் வேண்டாம். சோறு போட்டால் போதும், நெருப்பை மேலிடம் பார்த்துக்கொள்ளும். வேதப்பூர்வமான பழி.

அதற்கு அர்த்தம் என்ன என்று ஐயர் பிறகு விளக்கினார்போல. நான் அதற்குள் டிபன் டப்பாவைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் இருந்தேன்.

அருமைநாயகம் மாமாவுக்குத் தலை வழுக்கை. தழலுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு முடி கிடையாது. கர்த்தர் எல்லாவற்றையும் முன்குறித்திருக்கிறார்.

பிப்ரவரி 19

இன்று முதல் என் பங்கு ஆம்லெட் அவருக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவைப் போட்டுத் தரச் சொன்னேன். யாருக்கு என்று கேட்டார். அருமைநாயகம் மாமாவுக்கு என்றேன். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றார். பிறகு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு முட்டை உடைத்தார். வெங்காயப் புகை என்று நினைக்கிறேன்.

டப்பாவை நீட்டியபோது மாமா என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார்.

“என்னல இது?”

“லெந்துல ஒரு நற்கிரியை செய்யணும்னு ஐயர் சொன்னாவ மாமா.”

“சரி, உக்காரு” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்கார்ந்து தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். புகை எதுவும் இல்லை. வியர்த்தது. ஆரம்ப அறிகுறியாக இருக்கலாம்.

இன்று தேவனை மகிமைப்படுத்திய விதம்: ஆம்லெட் தொடவில்லை, கொடுத்தேன்.

பிப்ரவரி 24, சனி

வாரம் ஒன்று ஓடிவிட்டது. தழல் இல்லை. மாமாவின் கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

அளவு போதவில்லை என்று தோன்றி இன்று உழைப்பையும் சேர்த்தேன். கல்யாண வீடு ஒன்றுக்கு ஸ்பீக்கர் பெட்டி தூக்கினேன். வயர் சுற்றினேன். வயரைக் கையில் முழங்கை போட்டுச் சுற்றக் கூடாதாம், உள்ளே முறுகிவிடுமாம். ஒரு சுற்று மேலாக, அடுத்த சுற்று கீழாக மடித்துப் போட வேண்டுமாம். சத்துருவின் தொழில் ரகசியம் என்பதால் கவனமாகக் கற்றுக்கொண்டேன்.

கடை மேசையில் அந்த மைக் தனியாகக் கிடக்கிறது. சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறார். வருகிறவர்கள் எல்லாம் அதைக் காட்டி, இதுதானே அன்றைக்குக் கோயிலில் ஊளையிட்டது என்று கேட்கிறார்கள். ஆமாம் என்கிறார். அதோடு நிறுத்தாமல் என்னைப் பார்த்து, “பாவம், நல்லா பாடிக்கிட்டிருந்த பையன்” என்றும் சொல்கிறார்கள். நானும் ஆமாம் என்கிறேன். உண்மையை மறுப்பது பாவம்.

வீட்டுக்கு வந்ததும் பெர்சி என் முகத்துக்கு அருகில் வந்து மோந்தாள். “உன் வாயில முட்டை வாடை வருதுண்ணே” என்றாள். டப்பா சுமப்பவனுக்கு வாடை வராமல் மல்லிகையா வரும்?

பிப்ரவரி 25, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஹெலன் அத்தை பிடித்துக்கொண்டார். அன்றைக்குப் பாதியில் நின்ற பாட்டை ஈஸ்டர் காலை ஆராதனையில் முழுசாகப் பாடு என்றார். நாளை ஒத்திகைக்கு வா என்றார்.

மைக்கைச் சரி செய்தால் பாடுகிறேன், இந்த மைக்கை நம்பி என் தொண்டையை ஒப்படைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அத்தை என் தொண்டையை ஒரு மாதிரி பார்த்தார். இரண்டு நாளாக ஒரு சின்ன உருண்டை அங்கே தள்ளிக்கொண்டு நிற்கிறது. கொசுக்கடி.

மார்ச் 2, சனி

போனில் எரிவாயு ஏஜென்சிக்காரர். நான் ‘ஹலோ’ என்றேன். “அம்மா, சிலிண்டர் நாளைக்கி வரும்மா” என்றார். ‘சரி’ என்றேன். “சார் எப்பம் போனை வாங்கினிய?” என்று கேட்டார். ஒரே ஆளை இரண்டு வார்த்தைக்குள் கணவன் மனைவி ஆக்கிவிட்டார். எங்கள் தெருவில் சிக்னல் அப்படி.

பனங்கற்கண்டு, மிளகு, சுக்கு. மூன்றும் விழுங்கினேன். என் தொண்டைக்கு ஒன்றுமில்லை. வருமுன் காப்பது நல்லது, அதனால் விழுங்கினேன்.

மார்ச் 6

ஆங்கிலப் பரீட்சை. ஆம்லெட் கொடுத்தேன். பழி நடைபெறுகிறது.

மார்ச் 9, சனி

அல்லேலூயா. தழல் இறங்கிவிட்டது.

அப்பா சபைக் கமிட்டியில் இருக்கிறார். இன்று கூட்டம் முடிந்து வந்து சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னார். ஈஸ்டருக்குப் பாளையங்கோட்டையிலிருந்து புது சவுண்ட் ஆட்களைக் கொண்டுவரப் போகிறார்களாம். பேராயர் திடப்படுத்தலுக்கு வரும்போதும் அவர்கள்தானாம். அதன் பிறகும் அவர்களே. அருமைநாயகம் மாமாவுக்கு வேலை இல்லை. வாலிபர் ஆராதனையில் மைக் ஊளையிட்டதுதான் காரணம். இத்தனை வருஷமும் அவர் கோயிலுக்குக் கூலி வாங்கியதில்லை, தேவ மகிமைக்கு என்று செய்துகொண்டிருந்தார். ‘ஓசியில் செய்தால் இப்படித்தான் ஊளையிடும்’ என்று செயலாளர் எல்லார் முன்னாலும் சொன்னாராம். மாமா அங்கேயே உட்கார்ந்திருந்தாராம். மைக் பழசாகிவிட்டது, தன் தவறுதான் என்று மட்டும் சொன்னாராம்.

“கோயில் மைக்கையே ஊளையிட வச்சவன்னு இனி ஒரு கல்யாண வீட்டுலயும் கூப்பிட மாட்டானுவ” என்றார் அப்பா. “ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு கழிஞ்ச மறுநாள் கூட்டத்துல கையெழுத்துப் போட்டு முடிவாக்கிருவாவ.”

இதைவிடப் பெரிய பழி எவனுக்குக் கிடைக்கும்? பெயிண்டும் ஏணியும் செய்யாததை இரண்டு முட்டை செய்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த சோற்றை வைத்துவிட்டு எழுந்து போய்க் கொல்லையில் நின்று சந்தோஷப்பட்டேன். கொஞ்ச நேரம்தான் பட்டேன். வெயில் அதிகம்.

மார்ச் 11, திங்கள்

எரிவதைக் கிட்ட இருந்து பார்க்கலாம் என்று போனேன்.

கடையில் அவர் மட்டும்தான். அந்த மைக்கின் வலைத்தொப்பியைக் கழற்றித் துடைத்து மாட்டி, ‘செக், செக்’ என்றார். கோயில் மணி மாதிரி சுத்தமாக வந்தது. மறுபடி கழற்றினார். மறுபடி துடைத்தார். செய்வதற்கு அவருக்கு வேறு வேலை இல்லை.

“எத்தனை வாட்டி கழத்துவிய மாமா? அதுலதான் ஒரு கொறையும் இல்லையே” என்றேன்.

“இல்லதான்.”

“அப்பம் கமிட்டியில கொண்டுபோயி நீட்டுங்க. நீங்களே பேசிப் பாருங்கன்னு சொல்லுங்க.”

“நீட்டலாம்” என்றார். திருகாணியைத் தேடி எடுத்தார். “மைக்கு சரியா இருக்குன்னா, அன்னைக்கி ஊளையிட்டது யாருன்னு அடுத்த கேள்வி வருமுல்லா.”

பஸ் ஒன்று வந்து நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று. அதுவரை நான் அந்தச் சிவப்பு நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தொண்டையை ரிப்பேருக்குக் குடுக்க முடியாதுல தீத்து. மைக்கைக் குடுக்கலாம்.”

சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டும் சொல்லவில்லை. பல்பு ஃபியூஸ் போச்சு என்பதுபோலச் சொன்னார். டப்பாவைத் திறந்து ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார். “உப்பு இன்னைக்கி கொஞ்சம் கூட” என்றார்.

கிளம்பும்போது, “அந்தப் பலகையில ‘ரு’வை நீயே சரி பண்ணிட்டுப் போ. பெயிண்டு உள்ள இருக்கு” என்றார்.

சரி பண்ணினேன். கை நடுங்கியது.

மார்ச் 12

இன்று எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 13, புதன்

எழுத நிறைய இருக்கிறது. கோபம் தலைக்கு ஏறியிருக்கிறது.

அவருக்கு எல்லாம் தெரியும். அந்த ஞாயிறே தெரியும். என் தொண்டையிலிருந்து வந்தது என்று தெரிந்தேதான் அமர்த்தினார். தெரிந்தேதான் இரண்டாவது மைக்கைக் கொடுக்கவில்லை. பலகையில் கை வைத்தது நான் என்றும் தெரியும். தெரிந்துகொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டு, என் டப்பாவைத் திறந்து, எனக்கு வயர் மடிக்கச் சொல்லித் தந்திருக்கிறார். நான் தழலைக் கரண்டி கரண்டியாகக் கொண்டு போய்க்கொண்டிருந்தபோது, அவர் ஒரு மாதம் முன்பே ஒரு லாரி நிறைய என் தலையில் கொட்டிவிட்டிருக்கிறார். எனக்குச் சொல்லாமல். என் அனுமதி இல்லாமல்.

இதை எப்படி மன்னிப்பது? அடித்திருந்தால் திருப்பி அடிக்கலாம். அறுத்திருந்தால் திருப்பி அறுக்கலாம். இப்படிச் செய்தவரை என்ன செய்வது?

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், குருத்தோலை கழிந்த மறுநாள் அவர் கதை முடிந்தது. அதற்கு ஒரு முட்டைகூட உடைக்க வேண்டாம். ஆனால் அப்படி முடிந்தால் ஜெயித்தது அவர்தான். சாகும்வரை இந்த ஊரில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் என் தலை எரியும். விடமாட்டேன். தீத்து தோற்கிற ஜாதி இல்லை. அவர் எனக்குச் செய்ததைவிடப் பெரியதாக அவருக்கு ஒன்று செய்து, அவர் எழுந்திருக்கவே முடியாதபடி பழி வாங்கப் போகிறேன்.

எப்படி என்றும் தெரியும். குருத்தோலை ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் உண்டு, யார் வேண்டுமானாலும் எழுந்து போய் மைக்கில் பேசலாம்.

மார்ச் 17, ஞாயிறு

இன்று தேவனை மகிமைப்படுத்திய விதம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஆம்லெட்டைக் கணக்கில் எழுத இன்று வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 20

குளியலறையில் சாட்சியை ஒத்திகை பார்த்தேன். பெர்சி கதவைத் தட்டி, “அம்மா, உள்ள ஆட்டைக் கட்டியிருக்கியளா?” என்று கேட்டாள். வெளியே வந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடமாவது சொல்லிப் பழக வேண்டுமே. சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “அந்தப் பக்கத்துச் சபைப் பொண்ணுவ இந்த வாரமும் வருவாவளாண்ணே?” என்றாள்.

குருத்தோலை பவனி இரண்டு சபைக்கும் சேர்த்துத்தான். வருவார்கள்.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

பழி நிறைவேறியது.

சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்று ஐயர் சொன்னதும் சிங்கம்போல எழுந்தேன். சபை நடுவே நடந்து போய் மைக்கைப் பிடித்தேன். அருமைநாயகம் மாமாவைக் கண்ணுக்குக் கண் பார்த்தேன். வாலிபர் ஆராதனையில் ஊளையிட்டது மைக் அல்ல, என் குரல்தான் என்றும், என்னைக் காப்பாற்றத் தன் பேரைக் கெடுத்துக்கொண்டவர் அவர் என்றும், இப்படி ஒருவரை அனுப்பிவிட்டு வேறு ஆளைக் கொண்டுவந்தால் தேவ மகிமை எங்கே இருக்கும் என்றும் கணீரென்று பேசினேன். சபையே அசையாமல் கேட்டது. செயலாளர் தலை குனிந்தார். கடைசியில், எல்லா மகிமையும் தேவனுக்கே என்று முடித்து, குருத்தோலையை உயர்த்திப் பிடித்தேன்.

மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே. எரிந்தது.

இன்று தேவனை மகிமைப்படுத்திய விதம்: மேலே வாசிக்கவும்.

மார்ச் 25

பரீட்சை முடிந்தது. கமிட்டியும் முடிந்தது. பாளையங்கோட்டை ஆட்கள் வரவில்லை. செயலாளரே போய் மாமா கடையில் உட்கார்ந்து டீ குடித்தாராம்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

ஒன்றும் எழுதவில்லை. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் கேட்டேன். இந்த முறை விளக்கத்தையும் சேர்த்துக் கேட்டேன். முதல் வார்த்தை மன்னிப்பைப் பற்றியது. நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 31, ஈஸ்டர்

சபையாருக்கு அறிவிப்பு. இது மூன்றாம் ஓலை. இரண்டாம் ஓலையை வாசிக்கக் கோபத்தில் மறந்துபோனது. தீத்து என்பவன் எழுதியவற்றில் சில திருத்தங்கள் உள்ளன. இதற்குத் தடை சொல்லக்கூடியவன் அவன் ஒருவன்தான், அவனும் இப்போது பேசும் நிலையில் இல்லை, குரல் சரியில்லை.

நான் சிங்கம்போல எழவில்லை. இரண்டு முறை எழுந்து, கைக்குட்டை விழுந்ததுபோலக் குனிந்து தேடி, மறுபடி உட்கார்ந்தேன். மூன்றாம் முறை பெர்சி பின் பெஞ்சிலிருந்து குருத்தோலைக் காம்பால் முதுகில் குத்தினாள். அந்த வேகத்தில்தான் எழுந்தேன்.

கணீரென்று பேசவும் இல்லை. சாட்சி சொல்கிறவர்கள் எல்லாரும் தொடங்குவதுபோல ‘தேவனுக்கே மகிமை’ என்று தொடங்கினேன். ‘மகி’ வந்தது. ‘மை’ வர வேண்டிய இடத்தில் அந்த ஊளை வந்தது. அதே நாய், அதே வால். சபை மொத்தமும் திரும்பி மைக்கைப் பார்த்தது. செயலாளர் ‘நான் சொன்னேனே’ என்பதுபோல அப்பாவைப் பார்த்தார். அருமைநாயகம் மாமாவின் கை வால்யூமுக்குப் போனது. அமர்த்தப் போகிறார் என்று தெரிந்தது. நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

மாமா ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு திருகினார். அமர்த்துகிற பக்கம் திருகவில்லை, ஏற்றுகிற பக்கம் திருகினார்.

“மைக்கு இல்ல. நாந்தான்” என்றேன்.

‘நாந்தான்’ இரண்டாக உடைந்து, பாதி மேலேயும் பாதி கீழேயும் போனது. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களுக்கும் கேட்டதாம். நான் பேசியது அவ்வளவுதான். மற்ற எதையும் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை அந்த ஊளையே சொல்லிவிட்டது. முதலில் பக்கத்துச் சபைப் பெண்கள் சிரித்தார்கள், பிறகு எல்லாரும். ஹெலன் அத்தை ஆர்மோனியத்தின்மேல் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து மாமா இருந்த இடத்துக்குப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். மாமாவின் முகம் எரியவில்லை. நனைந்திருந்தது. எரிந்தது என் காது இரண்டும்தான்.

இன்று காலை ஆராதனையில் நான் பாடவில்லை. அந்தப் பாட்டைப் பெர்சி பாடினாள். ‘மகிமை’ என்ற இடத்தில் ‘மை’ வரை ஏறினாள், கூரையைத் தொட்டாள். நான் அவளுக்கு மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தேன். அதே பழைய மைக். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அது ஏனோ எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை.

முடிந்ததும் வயரை ஒரு சுற்று மேலாக, ஒரு சுற்று கீழாக மடித்து மாமாவிடம் கொடுத்தேன். அவர் என் டிபன் டப்பாவைக் கையில் வைத்தார். கனமாக இருந்தது. திறந்தால் ஆம்லெட். மிளகு அள்ளிப் போட்டிருந்தது.

“லெந்து முடிஞ்சுதுல்லா. தின்னு. தொண்டைக்கி நல்லது.”

எனக்கு ஒரு விரோதி இருந்தார். முழுசாக ஒரு லெந்து காலம் பாடுபட்டும் அவரைக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை.

கடைசியாக ஒரு திருத்தம். ஆண்டவர் மட்டும்தான் வாசிக்கிறார், அவருக்கு ஏற்கெனவே தெரியும், ஆனாலும் எழுதிவிடுகிறேன். ஆம்லெட் தொடவில்லை, தொடவில்லை என்று வரிக்கு வரி எழுதியிருக்கிறேன் அல்லவா? முதல் நாளே மாமா ஸ்டூலை இழுத்துப் போட்டு, பாதியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினார். அன்றிலிருந்து தினமும் தள்ளினார். சத்துருவின் மனதைப் புண்படுத்தக் கூடாது என்று நினைத்தேன்.

மார்ச் 11 அன்று உப்பு கொஞ்சம் கூடத்தான் இருந்தது.